அச்சுப் பாலிமர் சென்சார் சரியாக வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி செயற்கையாகச் செய்யப்படும் ஏற்பிதான் மூலக்கூறு அச்சுப் பாலிமர். ஆய்வகத்தில் எல்லோரும் எம்.ஐ.பி. என்றே சொல்வார்கள். பிடிக்க வேண்டிய மூலக்கூறையே டெம்ப்ளேட்டாக வைத்து, அதைச் சுற்றி மோனோமர்களை (பாலிமராகக் கோத்துக்கொள்ளும் சின்ன மூலக்கூறுகளை) சேரவிட்டு, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பியால் இறுக்கிவிட்டு, கடைசியில் டெம்ப்ளேட்டைக் கழுவி எடுக்கிறோம். அதன் வடிவத்துக்கும் வேதிக்குணத்துக்கும் பொருந்தும் குழிகள் பாலிமருக்குள் மிஞ்சுகின்றன. 1972இல் குந்தர் வுல்ஃப் குழு சகப்பிணைப்பு வழியிலும், 1981இல் கிளாஸ் மோஸ்பாக் குழு ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மென்மையான ஈர்ப்புகளை வைத்தும் இதைச் செய்துகாட்டின. 1993இல் மோஸ்பாக்கின் குழு, ரத்த சீரத்தில் உள்ள தியோஃபிலின், டயாசெபாம் என்ற இரண்டு மருந்துகளையும் ஆன்டிபாடி இல்லாமல் இந்தப் பாலிமரை வைத்தே அளந்தது. அதன் பிறகுதான், பாலிமரை ஒரு கருவியோடு சேர்த்துப் பிடிபட்டதைச் சிக்னலாக மாற்றும் சென்சார் செய்பவர்கள் பக்கம் இந்தத் துறை வேகமாக நகர்ந்தது.

செய்முறையைப் படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். செய்து முடித்த சென்சார் தப்பான எண்ணைக் காட்டும்போதுதான் சிக்கல், ஏனென்றால் ஒரே அறிகுறிக்குப் பின்னால் நாலைந்து காரணங்கள் இருக்கலாம். அதனால் கீழே காரணவாரியாக இல்லாமல், கண்ணில் படும் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, என்.ஐ.பி., அதாவது அச்செடுக்காத பாலிமர்: டெம்ப்ளேட் மட்டும் இல்லாமல், மற்ற எல்லாம் அதே அளவில் அதே நாளில் செய்த பாலிமர். இதையும் எம்.ஐ.பி.யைக் கழுவிய அதே கரைசலில், அதே நேரம் கழுவியிருக்க வேண்டும். "இதில்தான் டெம்ப்ளேட்டே இல்லையே, எதற்குக் கழுவ வேண்டும்" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கழுவும்போது பாலிமர் உப்புகிறது, மிச்ச மோனோமர் வெளியேறுகிறது, மெல்லிய படலமாக இருந்தால் ஓட்டைகூட விழுகிறது. கழுவாத என்.ஐ.பி.யோடு ஒப்பிட்டால் குழிகளின் வேலையைப் பார்க்கிறீர்களா, கழுவியதன் விளைவைப் பார்க்கிறீர்களா என்பது தெரியாது.

இரண்டாவது, டெம்ப்ளேட்டைப் போலவே இருக்கும் இன்னொரு மூலக்கூறு. தியோஃபிலினுக்குக் காஃபீன் நல்ல உதாரணம். இரண்டுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம்: தியோஃபிலினில் 7ஆம் இட நைட்ரஜனில் ஹைட்ரஜன் இருக்கிறது, காஃபீனில் அந்த இடத்தில் மெத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1993 வேலையில் காஃபீனின் குறுக்கு வினை, அதாவது தியோஃபிலினின் இடத்தில் அது பிடிபடும் அளவு, 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு மூலக்கூறை எதிரே வைத்து "பாருங்கள், தேர்ந்தெடுத்துப் பிடிக்கிறது" என்று காட்டுவதில் பொருளில்லை. எதிராளி உறவுக்காரனாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டும் இல்லாமல் கீழே சொல்லும் எதையும் சோதிக்க முடியாது. எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என்.ஐ.பி.யிலும் இதே மாதிரி வருகிறதா? வந்தால் கோளாறு குழிகளில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

அறிகுறி: கலவை கெட்டியாகவே இல்லை

இங்கும் அதே கேள்வி. என்.ஐ.பி. கெட்டியாகி எம்.ஐ.பி. மட்டும் தண்ணியாக நின்றால், குற்றவாளி டெம்ப்ளேட். கேட்டகால், குவெர்செட்டின் போன்ற பீனால் வகை மூலக்கூறுகள் பாலிமராவதை நடத்தும் ராடிக்கல்களை விழுங்கிவிடும். அந்த ராடிக்கல்களைத் தரும் தொடக்கியின் அளவைக் கூட்டிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பீனால் தொகுதியை மறைத்த ஒரு ஒத்த மூலக்கூறை டெம்ப்ளேட்டாக வைக்க வேண்டியிருக்கும். புற ஊதா ஒளியில் செய்கிறீர்கள் என்றால் டெம்ப்ளேட்டே அந்த 365 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறதா என்று ஒரு நிறமாலை எடுத்துப் பாருங்கள்.

இரண்டுமே கெட்டியாகவில்லை என்றால் ஆக்ஸிஜன்தான் முதல் சந்தேகம். பனிக்கட்டியில் வைத்து நைட்ரஜனை 10 நிமிடமாவது குமிழியிட விடுங்கள். குளோரோஃபார்ம் மாதிரி எளிதில் ஆவியாகும் கரைப்பான் என்றால் குமிழி விடும்போதே கரைப்பான் போய் விகிதம் மாறிவிடும், அதற்கு உறையவைத்து வெற்றிடத்தில் இழுத்து உருக்கும் முறைதான் சரி. அடுத்து, கடையில் வாங்கிய மோனோமர் தானாகப் பாலிமராகிவிடாமல் இருக்க அதில் கலந்திருக்கும் தடுப்பான். காரத்தன்மையுள்ள அலுமினா நிரப்பிய சின்னக் குழாய் வழியே விட்டால் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் என்ற குறுக்கிணைப்பியில் இருக்கும் தடுப்பான் நின்றுவிடும். மெத்தாக்ரிலிக் அமிலம் என்ற மோனோமரை அப்படிச் செய்யாதீர்கள், அமிலமே அலுமினாவில் ஒட்டிக்கொள்ளும். அதைக் குறைந்த அழுத்தத்தில் வடித்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், பொறுமை. ஏ.ஐ.பி.என். தொடக்கியின் அரை ஆயுள் 65 டிகிரி செல்சியஸில் சுமார் 10 மணி நேரம். 60 டிகிரியில் வைத்துவிட்டு நாலு மணி நேரத்தில் எட்டிப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

அறிகுறி: எம்.ஐ.பி.யும் என்.ஐ.பி.யும் ஒரே அளவு பிடிக்கின்றன

அதிகம் பேரைச் சோர்வாக்குவது இதுதான். உடனே பாலிமரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய மோனோமர் தேட வேண்டாம். பாதி நேரம் பாலிமரில் குழிகள் நன்றாகவே இருக்கும். சோதித்த விதத்தில்தான் அவை தெரியாமல் போயிருக்கும்.

முதலில் செறிவைப் பாருங்கள். நல்ல குழிகள் எண்ணிக்கையில் குறைவு. அவை சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் குழிக்குள் போகாமல் மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டல் இரண்டு பாலிமரிலும் ஒன்றுதான். மில்லிமோலார் செறிவில் சோதித்து வித்தியாசம் இல்லை என்றால், மைக்ரோமோலாருக்கு இறங்கி மறுபடி பாருங்கள். அச்சுக் காரணி என்று எல்லோரும் சொல்லும் அந்த விகிதம், அதாவது எம்.ஐ.பி. பிடித்ததை என்.ஐ.பி. பிடித்ததால் வகுத்த எண், செறிவைப் பொறுத்து மாறக்கூடியது. எந்தச் செறிவில் என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொல்வதில் பயனில்லை.

அடுத்தது கரைப்பான். டொலுவீன் போன்ற முனைவற்ற கரைப்பானில் மெத்தாக்ரிலிக் அமிலம் உள்ள எந்தப் பாலிமரும் முனைவுள்ள எந்த மூலக்கூறையும் இழுத்துக்கொள்ளும். 1 சதவீத அளவில் அசிட்டிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள். மேலோட்டமாக ஒட்டியிருப்பது கழன்றுவிடும், குழிக்குள் பல புள்ளிகளில் பிடிபட்டிருப்பது தாக்குப்பிடிக்கும். அந்த நிமிடத்தில் இரண்டு பாலிமருக்கும் இடையே இடைவெளி திறப்பதைப் பார்ப்பது மகிழ்ச்சியான விஷயம்.

மோனோமர் அதிகமாகப் போட்டிருக்கிறீர்களா என்பதும் கேட்க வேண்டியது. ஒரு பங்கு டெம்ப்ளேட்டுக்கு 4 பங்கு மோனோமர், 20 பங்கு குறுக்கிணைப்பி என்பது பழகிய தொடக்க விகிதம். ஈர்ப்பு பலவீனமாக இருக்கிறதே என்று மோனோமரைக் கூட்டினால், டெம்ப்ளேட்டோடு சேராத மோனோமர் எல்லாம் பாலிமர் முழுவதும் சிதறி, கண்டபடி ஒட்டும் இடங்களாகிவிடும். அளவைக் கூட்டுவதை விட வலுவாகப் பிடிக்கும் மோனோமருக்கு மாறுவதே நல்லது. காரத்தன்மை உள்ள டெம்ப்ளேட்டுக்கு மெத்தாக்ரிலிக் அமிலத்தை விட வலுவான ட்ரைஃபுளோரோமெத்தில் அக்ரிலிக் அமிலம், கார்பாக்சிலேட்டுக்கு யூரியா வகை மோனோமர், சர்க்கரைக்கு போரோனிக் அமிலம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் இல்லை என்றால்தான், பாலிமராவதற்கு முன்பே டெம்ப்ளேட்டும் மோனோமரும் சேரவில்லை என்று முடிவுகட்டலாம். அதை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) குழாயில் நேராகப் பார்க்கலாம்: டெம்ப்ளேட் கரைசலில் மோனோமரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்போது ஹைட்ரஜன் பிணைப்பில் பங்கெடுக்கும் புரோட்டானின் சிகரம் நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் அந்தக் கரைப்பானில் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. கரைப்பானை மாற்றுங்கள். 60 டிகிரி வெப்பத்தில் செய்வதற்குப் பதிலாக 4 டிகிரியில் புற ஊதா ஒளியில் செய்தாலும் பலவீனமான சேர்க்கைகள் கலையாமல் நிற்கும்.

எதிர்மாறான ஏமாற்றமும் உண்டு. எம்.ஐ.பி. ஐந்து மடங்கு அதிகம் பிடிக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் டெம்ப்ளேட் இருந்ததால் பாலிமரின் துளைகளே வேறு மாதிரி அமைந்து, மேற்பரப்பு ஐந்து மடங்காகியிருக்கலாம். நைட்ரஜன் உறிஞ்சல் முறையில் இரண்டின் பரப்பளவையும் அளந்துவிடுங்கள். உறவுக்கார மூலக்கூறும் அதே ஐந்து மடங்கு ஒட்டினால், அது அச்சு அல்ல, வெறும் பரப்பளவு.

அறிகுறி: வெற்றுக் கரைசலிலேயே சிக்னல் வருகிறது

வெற்றுக் கரைசல் என்றால் இலக்கு மூலக்கூறு சேர்க்காத கரைசல். அதிலேயே சிக்னல் வந்தால் டெம்ப்ளேட் கசிவு. இதன் தீவிரம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

1 மில்லிமோல் டெம்ப்ளேட், 4 மில்லிமோல் மெத்தாக்ரிலிக் அமிலம், 20 மில்லிமோல் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் எடுத்தால் கிடைக்கும் பாலிமர் ஏறக்குறைய 4.3 கிராம். அதாவது ஒரு கிராமில் சுமார் 230 மைக்ரோமோல் டெம்ப்ளேட். நன்றாகக் கழுவி 99 சதவீதத்தை எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒரு கிராமில் 2.3 மைக்ரோமோல். இதில் 20 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலில்) போட்டால், உள்ளே 46 நானோமோல் டெம்ப்ளேட் இருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு மட்டும் வெளியே வந்தாலே கரைசலின் செறிவு 460 நானோமோலார். நீங்கள் 10 நானோமோலாரை அளக்கப் பார்க்கிறீர்கள் என்றால், பாலிமர் தானே அதைப் போல் 46 மடங்கை ஊற்றிக்கொண்டிருக்கிறது. 99 சதவீதம் கழுவியாயிற்று என்று எழுதும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு அது போதாது.

மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 9க்கு 1 என்ற விகிதத்தில், கரைப்பானைத் திரும்பத் திரும்ப வடியவிடும் சாக்ஸ்லெட் கருவியில் வைத்துக் கழுவுவது வழக்கம். எத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கடைசியாக வடிந்த கரைசலை கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிச் சிகரங்களாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் போட்டு, டெம்ப்ளேட் சிகரம் மறையும்வரை கழுவுங்கள். முடிந்ததும் வெறும் மெத்தனாலில் கழுவி அசிட்டிக் அமிலத்தை முழுதாக எடுங்கள். அது மிஞ்சினால் குழிகளை அடைத்துக்கொள்ளும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கழுவும் கரைசலில் ஒன்றும் வராமல், சோதனைக் கரைசலில் திரும்பக் கசிவு வரலாம். வேறு கரைப்பானில் பாலிமர் வேறு அளவுக்கு உப்புகிறது, அதுவரை சங்கிலிகளுக்குள் சிக்கிக் கிடந்தது அப்போது விடுபடுகிறது. அதனால் கடைசிச் சோதனையை, நீங்கள் அளக்கப்போகும் அதே பஃபரில், ஒரு இரவு ஊறவைத்துச் செய்யுங்கள்.

மிகக் குறைந்த அளவுகளை அளப்பதுதான் நோக்கம் என்றால், கழுவலோடு மல்லுக்கட்டுவதை விட மாற்று டெம்ப்ளேட் வைத்துவிடுவதே என் பரிந்துரை. இலக்கு மூலக்கூறின் ஒத்த உருவத்தை வைத்து அச்செடுத்தால், கசிந்தாலும் அது வேறு சிகரமாகப் பிரிந்துவிடும். 1997இல் சமெரிடின் என்ற மருந்தை அளக்க இப்படித்தான் அதன் ஒத்த மூலக்கூறை வைத்து அச்செடுத்தார்கள். ஒன்று மட்டும் கவனம்: நிறையைப் பார்க்கும் சென்சாரில், ஒளிவிலகலைப் பார்க்கும் சென்சாரில் இது உதவாது. அங்கே கசிவது எதுவானாலும் சிக்னல் நகரும்.

அறிகுறி: அசிட்டோநைட்ரைலில் அருமை, தண்ணீரில் ஒன்றுமில்லை

எதிர்பார்க்க வேண்டியதுதான். ஹைட்ரஜன் பிணைப்பை நம்பிச் செய்த குழிக்குள் தண்ணீர் புகுந்து, மோனோமரின் கையை அதுவே பிடித்துக்கொள்கிறது. அதே சமயம் தண்ணீரில் எண்ணெய்த்தன்மை உள்ள எல்லாம் பாலிமரின் மேல் போய் ஒட்டும், குழி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் இரண்டு விதமான தோல்வி உண்டு, அவற்றைப் பிரித்துப் பாருங்கள். எதுவுமே பிடிபடவில்லை என்றால் ஈர்ப்பு போதவில்லை. எல்லாமே பிடிபடுகிறது, என்.ஐ.பி.யிலும் பிடிபடுகிறது என்றால் நீர்வெறுப்பு ஒட்டல்.

முதல் வகைக்கு பிஹெச் அளவைச் சரிசெய்து பாருங்கள். மெத்தாக்ரிலிக் அமிலம் எதிர்மின்னூட்டமும் அமீன் டெம்ப்ளேட் நேர்மின்னூட்டமும் பெற்றிருக்கும் ஒரு நடு வட்டாரம் இருக்கும். அமிலப் பக்கம் போனால் ஒன்றின் மின்னூட்டம் போய்விடும், காரப் பக்கம் போனால் மற்றதன் மின்னூட்டம் போய்விடும். பஃபரில் உப்பு அதிகமானாலும் இந்த ஈர்ப்பு மங்கும். இரண்டாம் வகைக்கு ட்வீன் 20 போன்ற சோப்புப் பொருளைக் கொஞ்சமாகவோ, சில சதவீதம் எத்தனாலோ சேர்த்தால் ஒட்டல் குறையும். புதிதாகச் செய்வதானால் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் மாதிரி நீர்விரும்பி மோனோமரை இடையில் சேருங்கள், அல்லது துகளின் மேல் நீர்விரும்பிச் சங்கிலிகளை வளர்த்துவிடுங்கள்.

நனைத்து, கழுவி, அளக்கும் வகைச் சென்சார் என்றால் இன்னும் எளிதான வழி இருக்கிறது. தண்ணீரில் ஏற்றுங்கள், எல்லாம் ஒட்டட்டும். பிறகு அசிட்டோநைட்ரைலால் ஒரு முறை கழுவுங்கள். நீர்வெறுப்பால் ஒட்டியவை போய்விடும், குழிக்குள் இருப்பவை தங்களுக்குப் பழகிய கரைப்பானில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். திட நிலைப் பிரித்தெடுப்பில் இது அன்றாட உத்தி. சென்சார் செய்பவர்கள்தான் ஏனோ அதிகம் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி: மின்முனைச் சிக்னல் எதிர்த்திசையில் போகிறது, அல்லது நகரவே இல்லை

மின்முனையில் நேரடியாக வளர்க்கும் படலங்களுக்கு ஆர்த்தோ பினைலீன்டைஅமீன் பிரபலம். அசிட்டேட் பஃபரில், சில்வர் குளோரைடு மேற்கோள் மின்முனையை ஒப்பிட்டு, 0 முதல் 0.8 வோல்ட் வரை பலமுறை சுழற்றினால் மின்கடத்தாத மெல்லிய படலம் வளரும். பிறகு, மின்முனையை எட்டினால் மின்னோட்டச் சிகரம் தரும் ஃபெர்ரிசயனைடு, ஃபெர்ரோசயனைடு கலவையை வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கிறோம். படலம் வளர்ந்ததும் சிகரம் மறைய வேண்டும். டெம்ப்ளேட்டை எடுத்ததும் ஓரளவு திரும்ப வேண்டும். டெம்ப்ளேட் மறுபடி பிணைந்ததும் குறைய வேண்டும். குறிப்பேட்டில் எல்லோரும் வரைந்து வைத்திருக்கும் படம் இது. நடப்பது பல சமயம் வேறு.

கழுவிய பிறகும் சிகரம் திரும்பவில்லை என்றால் டெம்ப்ளேட் வெளியே வரவில்லை, அல்லது படலம் தடித்துவிட்டது. சுழற்சி எண்ணிக்கையைக் குறைத்து ஒரு வரிசை செய்து பாருங்கள். டெம்ப்ளேட் பாலிமரோடு வேதிவினையே புரிந்து நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு: டோபமைன், பாராசிட்டமால் போன்றவை 0.8 வோல்ட்டுக்கு வெகு முன்னாலேயே ஆக்ஸிஜனேற்றம் அடைபவை. மோனோமர் இல்லாமல் டெம்ப்ளேட்டை மட்டும் அதே எல்லைக்குள் சுழற்றிப் பாருங்கள். சிகரம் வந்தால், படலம் வளரும்போதே உங்கள் டெம்ப்ளேட் வேறு பொருளாக மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அச்செடுத்தது அந்த வேறு பொருளுக்கு.

கழுவியதும் சிகரம் திரும்புகிறது, ஆனால் என்.ஐ.பி.யிலும் அதே அளவு திரும்புகிறது என்றால் அது குழி இல்லை, ஓட்டை. கழுவல் படலத்தைப் பிய்த்திருக்கிறது. காரக் கரைசலில் கழுவியிருந்தால் அதை மென்மையாக்குங்கள்.

சரி, எதிர்த்திசை. டெம்ப்ளேட் பிணைந்ததும் மின்னோட்டம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. இதை உடனே பிழை என்று சொல்லிவிட முடியாது. ஃபெர்ரிசயனைடு எதிர்மின்னூட்டம் உடையது. நேர்மின்னூட்டமுள்ள டெம்ப்ளேட் படலத்துக்குள் நுழைந்தால், ஃபெர்ரிசயனைடை அது உள்ளே இழுக்கும், மின்னோட்டம் கூடும். சோதிக்க ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. அதே மின்முனையில் ஹெக்ஸாஅம்மீன் ருத்தேனியத்தை வைத்து மறுபடி அளங்கள். அது நேர்மின்னூட்டமுடையது. அதில் மின்னோட்டம் குறைந்தால், நீங்கள் பார்ப்பது மின்னூட்டத்தின் விளைவு. இரண்டிலும் ஒரே திசையில் நகர்ந்தால் குழி அடைபடுவதோ, படலம் உப்பிச் சுருங்குவதோ காரணம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மின்னோட்ட மாற்றத்துக்குக் கதை எழுதக் கூடாது என்பது என் கருத்து.

தங்க மின்முனையில் ஃபெர்ரிசயனைடைத் திரும்பத் திரும்ப, நீண்ட நேரம் வைத்திருந்தால் விடுபடும் சயனைடு தங்கத்தையே அரிக்கும். மெல்லிய தங்கப் படலம் என்றால் இது பெரிய விஷயம். கரைசலை அன்றன்று தயாரித்து, வெளிச்சம் படாமல் வைத்து, அளவீட்டைச் சீக்கிரம் முடியுங்கள்.

அறிகுறி: குவார்ட்ஸ் படிகத்தில் நம்பமுடியாத அளவு பெரிய மாற்றம்

பெரிய சிக்னல் வந்தால் யாரும் கோளாறு என்று நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். மேலே நிறை ஏற ஏறக் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் இறங்கும்; 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 ஹெர்ட்ஸ் இறக்கம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். படலம் 200 நானோமீட்டர் தடிமன் என்றால் அதன் எடை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 22 மைக்ரோகிராம். ஒரு கிராம் பாலிமர் 10 மைக்ரோமோல் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் படலம் பிடிப்பது 220 பிக்கோமோல். மூலக்கூறு எடை 180 உள்ள தியோஃபிலின் என்றால் அது 40 நானோகிராம். ஆக, எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் ஏறக்குறைய 2 ஹெர்ட்ஸ். உங்கள் திரையில் 100 ஹெர்ட்ஸ் தெரிந்தால், படலம் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கிறது, அல்லது கரைசலின் பாகுத்தன்மை மாறியிருக்கிறது, அல்லது குமிழி உட்கார்ந்திருக்கிறது.

காற்றிலிருந்து தண்ணீருக்கு மாற்றினாலே ஒரு பக்கம் நனையும் அந்தப் படிகம் சுமார் 700 ஹெர்ட்ஸ் இறங்கும். எனவே பஃபரில் அரை சதவீதம் மெத்தனால் கூடுதலாக இருந்தால்கூட இந்த 2 ஹெர்ட்ஸ் அதில் மூழ்கிவிடும். இலக்கு மூலக்கூறை மெத்தனாலில் கரைத்து வைத்திருந்தால், வெற்றுக் கரைசலிலும் அதே அளவு மெத்தனால் சேருங்கள். இரண்டாவது படிகத்தில் என்.ஐ.பி. பூசி இரண்டையும் ஒரே ஓட்டத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். உப்பிப்போகும் படலத்தில் ஆற்றல் இழப்பையும் சேர்த்து அளக்கும் கருவி கிடைத்தால் விடாதீர்கள். இழப்பு கூடிக்கொண்டே போனால், அதிர்வெண்ணை நேராக நிறையாக மாற்றும் சமன்பாடு அங்கே செல்லாது.

அறிகுறி: பதில் வர மணிக்கணக்கில் ஆகிறது

பெரிய பாறையாகச் செய்து அரைத்த பாலிமரில் குழிகள் ஆழத்தில் இருக்கும். மூலக்கூறு ஊடுருவிப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். இதற்குக் குறுக்குவழி கிடையாது: படலத்தை மெல்லியதாக்குங்கள், அல்லது துகளின் மேற்பரப்பில் மட்டும் அச்செடுங்கள், அல்லது நானோ துகளுக்கு மாறுங்கள். இன்னொன்று, முழுச் சமநிலைக்குக் காத்திருக்காமல் முதல் சில நிமிடங்களில் சிக்னல் மாறும் வேகத்தை அளப்பதும் நேர்மையான முறைதான், நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால்.

அறிகுறி: அளவுத்திருத்தக் கோடு நேராக இல்லை

செறிவுக்கு எதிரே சிக்னலை வரைந்த கோடுதான் அளவுத்திருத்தக் கோடு. பாலிமருக்குள் எல்லாக் குழியும் ஒரே தரம் இல்லை. சில இறுக்கமாகப் பிடிக்கும், பல ஏனோதானோ என்று பிடிக்கும். ஆகவே கோடு வளைவது இயல்பு, அதைத் திருத்த முயல வேண்டாம். ஒரே வகைக் குழி என்று வைத்துக்கொண்டு லாங்மியூர் சமன்பாட்டில் போட்டு ஒரு பிணைப்பு மாறிலியை எடுத்தால், அந்த எண் நீங்கள் எடுத்த செறிவு எல்லையைச் சொல்லுமே தவிரப் பாலிமரைச் சொல்லாது. ஃபிராய்ண்ட்லிக் வகைச் சமன்பாடு பொதுவாக நன்றாகப் பொருந்தும். நடைமுறையில் செறிவின் மடக்கையை வைத்து வரைவதும், தேவைப்படும் சிறு எல்லைக்குள் மட்டும் நேர்கோடு போடுவதும் போதும்.

கண்டறியும் குறைந்தபட்ச அளவைக் கோட்டின் சரிவை வைத்து மட்டும் கணக்கிட்டு, பிக்கோமோலார் வரை எட்டுகிறது என்று எழுத ஆசை வரும். மடக்கைக் கோட்டை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம், காகிதம் தடுக்காது. வெற்றுக் கரைசலைப் பலமுறை, தனித்தனி மின்முனைகளில் அளந்து அதன் சிதறலைப் பாருங்கள். ஒரே மின்முனையில் திரும்பத் திரும்ப அளந்த சிதறல் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அறிகுறி: புரதம் என்றால் மட்டும் எல்லாம் தவறுகிறது

சின்ன மூலக்கூறுக்குப் பழகிய செய்முறை புரதத்துக்குப் பொருந்தாது. இறுக்கமாகக் குறுக்கிணைத்த பாலிமருக்குள் அது நகரவே முடியாது. கரிமக் கரைப்பானிலும் வெப்பத்திலும் அதன் மடிப்பு கலைந்துவிடும், கலைந்த உருவத்துக்கு அச்செடுத்தால் உண்மையான புரதம் வரும்போது பொருந்தாது.

இங்கே தேட வேண்டிய தனிக் கோளாறு ஒன்று உண்டு. புரதத்தை வெளியே எடுக்க எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் கலந்த அசிட்டிக் அமிலத்தில் கழுவுவார்கள். அந்த எஸ்.டி.எஸ். முழுவதும் போகாமல் ஜெல்லுக்குள் தங்கினால், எதிர்மின்னூட்டம் உள்ள அது நேர்மின்னூட்டப் புரதங்களை இழுக்கும். லைசோசைம் போன்ற புரதம் பிரமாதமாகப் பிடிபடும். அதற்குக் காரணம் அச்சு அல்ல, சோப்பு. என்.ஐ.பி.யையும் அதே எஸ்.டி.எஸ்.ஸில் கழுவியிருந்தால் அதுவும் லைசோசைமைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். முதலிலேயே என்.ஐ.பி.யைக் கழுவச் சொன்னது இதற்காகத்தான்.

முழுப் புரதத்துக்குப் பதில், அதன் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெப்டைடை டெம்ப்ளேட்டாக வைப்பது பல சிக்கலை ஒரே அடியில் தீர்க்கும். 2000இல் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் வால் பகுதியிலுள்ள மூன்று அமினோ அமிலங்களைக் கொண்ட, மொத்தம் நான்கே அமினோ அமிலமுள்ள ஒரு சின்னப் பெப்டைடை வைத்து அச்செடுத்து, முழு ஆக்ஸிடோசினையும் பிடிக்கச் செய்தார்கள். இன்னொரு வழி, கண்ணாடி மணிகளின் மேல் டெம்ப்ளேட்டை நிலையாகப் பொருத்தி, அதைச் சுற்றி நானோ துகள்களை வளர்ப்பது. குளிரில் கழுவினால் பலவீனமாகப் பிடித்த துகள்கள் போய்விடும், 60 டிகிரிக்குச் சூடாக்கினால் இறுக்கமாகப் பிடித்தவை கழன்று வரும். டெம்ப்ளேட் மணியிலேயே தங்கிவிடுவதால் கசிவுத் தொல்லையும் பெருமளவு போய்விடுகிறது. இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது: தரம் பிரிக்கும் வேலையைச் செய்முறையே செய்துவிடுகிறது.

அறிகுறி: பஃபரில் சரி, உண்மையான மாதிரியில் தப்பு

ரத்த சீரத்தில் ஒரு லிட்டருக்கு 40 கிராம் அளவில் ஆல்புமின் இருக்கிறது. அது பாலிமரின் மேலும் படியும், உங்கள் இலக்கு மூலக்கூறையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் எதிரெதிர்ப் பிழைகள். பிரித்தறிய, மாதிரியில் தெரிந்த அளவு இலக்கைச் சேர்த்துச் சேர்த்து அளந்து சரிவை எடுங்கள். சரிவு பஃபரில் வந்ததைப் போலவே இருந்து கோடு மட்டும் மேலே ஏறியிருந்தால், ஏதோ கூடுதலாக ஒட்டுகிறது, அல்லது மாதிரியில் இலக்கு ஏற்கனவே இருக்கிறது. என்.ஐ.பி.யிலும் அதே ஏற்றம் இருந்தால் ஒட்டல்தான். சரிவே குறைந்துவிட்டால் இலக்கு வேறு எங்கோ பிடிபட்டிருக்கிறது, அல்லது குழிகளின் வாசல் அடைபட்டிருக்கிறது. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

அறிகுறி: நாளாக ஆகச் சிக்னல் குறைகிறது

எம்.ஐ.பி.யும் என்.ஐ.பி.யும் சேர்ந்தே குறைந்தால் மின்முனை அழுக்காகிவிட்டது, அல்லது படலம் பிடி விட்டு உரிகிறது. கண்ணாடியின் மேல் என்றால் மெத்தாக்ரிலேட் வால் உள்ள சிலேனையும், தங்கத்தின் மேல் என்றால் பாலிமராகக்கூடிய தயோலையும் முதலில் பூசிவிட்டுப் படலம் வளர்த்திருக்க வேண்டும். உரியும் படலத்தைப் பிறகு காப்பாற்ற முடியாது.

எம்.ஐ.பி. மட்டும் குறைந்தால், குழிகள் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறகு முழுதாகக் காலியாகவில்லை. மீட்புக் கழுவலின் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். சிக்னல் மீண்டால் அதுதான் காரணம். மீளவில்லை என்றால் கழுவலே குழிகளைச் சிதைக்கிறது. எஸ்டர் பிணைப்புள்ள பாலிமர்களைக் காரக் கரைசலில் கழுவினால் மெல்ல மெல்லச் சிதையும், அமிலம் கலந்த மெத்தனாலுக்கு மாறுங்கள். படலத்தை ஒவ்வொரு நாளும் உலர்த்தி நனைப்பதும் விரிசல் விட வைக்கும். தொடர்ந்து பயன்படுத்தப்போகும் சென்சாரைப் பஃபரிலேயே வையுங்கள். நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் ஒரே ஒரு முறை உலர்த்தி வைத்துவிட்டு, அடுத்த முறை அளக்கும் முன் ஒரு இரவு பஃபரில் ஊறவிட்டு, இலக்கு இல்லாத பஃபரில் வரும் அடிநிலைச் சிக்னல் அசையாமல் நின்ற பிறகு தொடங்குங்கள்.